அரிய செடியைக் கண்டால்: அங்கேயே காப்பதா, எடுத்து வளர்ப்பதா?

வடகிழக்குப் பருவமழை ஓயும் கார்த்திகை, மார்கழியில் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. கரட்டுப் பக்கமோ மலையடிவாரத்திலோ நடக்கப் போன ஒருவர், பாறையிடுக்கில் பூத்த ஒரு கொடியைப் படமெடுத்து அனுப்புவார். "இது அரிய வகையாமே? மாடு மேய்கிற இடம். வீட்டுக்குக் கொண்டுவந்து காப்பாற்றிவிடலாமா?" கேட்பவர்களின் அக்கறையில் குறை சொல்ல முடியாது. ஆனால் எடுத்து வளர்ப்பது என்பது நான்கு வழிகளில் ஒன்றுதான். பெரும்பாலான செடிகளுக்கு அது முதல் வழியாகவும் இருக்காது. இருந்த இடத்தில் காப்பது, நர்சரியில் பெருக்குவது, விதையாகச் சேமிப்பது, வேறோர் இடத்தில் கொண்டுபோய் நடுவது ஆகிய நான்கையும் எடைபோட்டுப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒன்று. செடி உண்மையிலேயே அரியதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கிழங்குச் செடிகள் பல, ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் உறங்கிவிட்டுச் சில வாரங்களே தலைகாட்டும். நாம் பார்க்காததால் அரியதென்று நினைத்துவிடுகிறோம். கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும், திருச்சி தூய வளனார் கல்லூரியில் உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் ராபினாட் உலர்தாவரகமும் இந்த மாதிரிச் சந்தேகங்களுக்குப் பெயர்பெற்ற இடங்கள். பூ, இலை, தண்டு, காய் எல்லாம் தெரியும்படி எடுத்த படங்கள் போதும். செடியைப் பிடுங்கி அனுப்ப வேண்டாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

ஏன் குறைகிறது? ஐந்து கேள்விகளில் இதுதான் தலையானது. தோண்டி விற்பதால் குறையும் செடிக்கும், உண்ணிச்செடி மூடிக்கொண்டதால் குறையும் செடிக்கும், நிலமே குவாரிக்குப் போவதால் குறையும் செடிக்கும் மருந்து வேறு வேறு. காரணம் தெரியாமல் நர்சரி போட்டால் கன்றுகள் பெருகும், காட்டில் எண்ணிக்கை குறைந்துகொண்டே இருக்கும்.

யாருடைய நிலம்? காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதியில்லாமல் விதைகூட எடுக்கக் கூடாது. பட்டா நிலம் என்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். புறம்போக்கு என்றால் வருவாய்த்துறை. கோயில்காடு சில இடங்களில் அறநிலையத்துறையிடம், சில இடங்களில் ஊர்ப் பொதுவில்.

விதை காயவைத்தால் உயிரோடிருக்குமா? இதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

எத்தனை செடி மிச்சம்? முந்நூறு இருந்தால் அவசரமில்லை. மூன்றே இருந்தால் ஒவ்வொரு தவறும் பெரிய தவறு.

பத்து ஆண்டுகள் யார் பார்த்துக்கொள்வார்? ஆர்வத்தில் தொடங்கிய கல்லூரிச் சங்கத்தின் மாணவர்கள் மூன்று ஆண்டில் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். தண்ணீர் ஊற்றும் ஆளின் பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால் சில வழிகளைத் தொடங்கவே கூடாது.

## வழி ஒன்று: இருந்த இடத்தில் காப்பது

செடிக்குத் தேவையானவற்றில் நம் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். தரைவாழ் ஆர்க்கிடின் விதை தூசி போன்றது. உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. மண்ணில் குறிப்பிட்ட பூஞ்சை இருந்தால்தான் முளைக்கும். செரோபிஜியா என்ற கொடி இனங்களின் குழல்பூ சின்ன ஈக்களை உள்ளே இழுத்துச் சிறிது நேரம் அடைத்துவைத்து மகரந்தம் பூசி அனுப்புகிறது. அந்த ஈயையும் பூஞ்சையையும் தொட்டியில் வைத்துத் தர முடியாது. இடத்தைக் காத்தால் இவை எல்லாம் சேர்ந்து மிஞ்சும். நீலக்குறிஞ்சிக்கு இது இன்னும் பொருந்தும். 12 ஆண்டுக்கு ஒருமுறை மலைச்சரிவு முழுதும் ஒன்றாகப் பூத்து, விதைத்து, மடிகிற செடியை நாலு தொட்டியில் வைத்து என்ன செய்வது? 2018இல் பூத்தது. அடுத்து 2030.

செலவு குறைவு என்று தோன்றும். மறைந்திருக்கும் செலவுகள் மூன்று.

முதலாவது, களை. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைப் புல்வெளிகளை வாட்டில், பைன் முதலிய அயல் மரங்கள் விழுங்கின. சமவெளியில் சீமைக்கருவேலம், காட்டோரங்களில் உண்ணிச்செடி, முதுமலைப் பக்கம் மஞ்சக்கொன்னை. "யாரும் தொடாமல் விட்டாலே போதும்" என்பது இங்கே எடுபடாது. ஆண்டுதோறும் ஆள்விட்டுக் களை எடுத்தாக வேண்டும். அதையும் கண்மூடித்தனமாகச் செய்ய முடியாது. கொடைக்கானல் பக்கம் பழைய வாட்டில் தோப்புகளுக்குள் சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து வந்திருக்கின்றன. ஒட்டுமொத்தமாக வெட்டிச் சாய்த்தால் அவையும் சேர்ந்து போகும்.

இரண்டாவது, வேலி. ஆடு மாடு கடிக்கிறது என்று சுற்றிலும் கம்பி கட்டுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. ஆனால் திறந்த கரட்டிலும் புல்வெளியிலும் வாழும் குட்டையான கிழங்குச் செடிகளுக்கு மேய்ச்சல் ஓரளவு துணைகூட. மேய்ச்சல் நின்றதும் புல் இடுப்பளவு உயர்ந்து வெயிலை மறைத்துவிடும். ஆகவே முழு இடத்தையும் அடைக்காமல், காய் முற்றும் வரை மட்டும் செடியைச் சுற்றி முள் போட்டு வைப்பது நல்லது. மேய்ப்பவரிடம் பேசி இரண்டு மாதம் பாதையை மாற்றச் சொல்வது அதைவிட மலிவு, அதைவிடப் பலனுள்ளது. இதைவிட மோசமானது, "சும்மா கிடக்கிற" கரட்டில் நடக்கும் மரம் நடுவிழா. குழி தோண்டி வேம்பும் புங்கனும் நட்டு, கீழே இருந்த அரிய கிழங்கு நசுங்கியதை யாரும் எண்ணுவதில்லை.

மூன்றாவது, விளம்பரம். அகத்தியமலைக்கே உரிய செருப்பு ஆர்க்கிட் பாஃபியோபெடிலம் டுரூரி தென்னிந்தியாவில் இயற்கையாக வாழும் ஒரே பாஃபியோபெடிலம். அழகே அதற்கு வினையாகிவிட்டது. ஆர்க்கிட் வியாபாரத்துக்காகத் தோண்டித் தோண்டியே மிக அருகிப்போன நிலைக்கு வந்தது. பன்னாட்டு வணிகத்தைத் தடுக்கும் சைட்டீஸ் உடன்பாட்டின் முதல் பட்டியலில் அந்தப் பேரினம் முழுதும் இருக்கிறது. அதனால் படம் போடுங்கள், இடத்தைப் போடாதீர்கள். செல்போன் படத்தோடு இடக்குறியீடும் சேர்ந்து போகும் என்பதை மறக்க வேண்டாம்.

சட்டத்தின் துணை எவ்வளவு? காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் தாவரங்களைச் சேர்த்தபோது பட்டியலில் வந்தவை வெறும் ஆறு. ஆகவே "அரிய செடி என்றால் சட்டம் காக்கும்" என்று நம்பி உட்கார முடியாது. இடத்தைக் காக்க உதவுவது பல்லுயிர்ச் சட்டம், 2002. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்கிறது அது. பல ஊர்களில் குழு தாளில்தான் இருக்கிறது. இருந்தாலும் பதிவேட்டில் ஒரு வரி ஏறியிருப்பது பின்னாளில் கைகொடுக்கும். மதுரை அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமானது. அப்படியும் 2024இல் அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஊரே திரண்ட பிறகு 2025 ஜனவரியில் ரத்தானது. அறிவிப்பு தானாகக் காக்கவில்லை. போராடியவர்களின் கையில் அது ஒரு காகிதமாக இருந்தது, அவ்வளவுதான். அந்தக் காகிதத்துக்கும் மதிப்புண்டு.

எப்போது இதுவே சரி: நிலம் கைமாறும் ஆபத்து உடனடியாக இல்லை, செடிகள் கொஞ்சமாவது காய்க்கின்றன, உள்ளூரில் பேச ஆளிருக்கிறது என்றால் வேறு யோசனையே வேண்டாம்.

## வழி இரண்டு: நர்சரியில் பெருக்குவது

தோண்டி விற்பதால் குறையும் செடிக்கு இதைவிட நல்ல மருந்தில்லை என்று சொல்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்க்க மாகாளிக்கிழங்கைப் பாருங்கள்.

மோரில் ஊறிய மாகாளி ஊறுகாயின் வாசனை சிலருக்கு உயிர், சிலர் மூக்கைப் பொத்துவார்கள். அந்தக் கிழங்கு கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறைச்சரிவுகளில் படரும் கொடியின் வேர். நன்னாரிக்குப் பதிலாகவும் விற்கிறார்கள். வேரைத்தான் தின்கிறோம் என்பதால் ஒவ்வொரு கிலோவுக்கும் கொடி சாகிறது. ஆபத்திலுள்ள உயிரினங்களை வரிசைப்படுத்தும் உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் அது அழியும் நிலையில் உள்ள இனம். விதையிலும் திசு வளர்ப்பிலும் பெருக்க முடியும் என்று காட்டியாகிவிட்டது. அப்படியானால் ஏன் இன்னும் மலையிலிருந்தே வருகிறது? நட்டால் கிழங்கு தேறச் சில ஆண்டுகள் ஆகும். மலையில் தோண்டுவதற்கோ ஒரு நாள் கூலிதான். சாகுபடி செய்தவர் அந்த விலைக்கு விற்க முடியாது.

செங்காந்தள் கதை வேறு மாதிரி. நம் மாநில மலரான இது மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் பந்தலில் ஏற்றிச் சாகுபடியாகிறது. கோல்சிசின் மருந்துக்காக விதை ஏற்றுமதியாகிறது. காலையில் வயலில் இறங்கி ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் சேர்க்கும் அளவுக்கு உழைப்பும் போடுகிறார்கள். சாகுபடி வந்தால் காட்டுச் செடி தப்பும் என்றுதானே நினைப்போம்? நடுவதற்கான கிழங்கைக் காட்டிலிருந்தும் கடலோரத்திலிருந்தும் தோண்டி வந்தார்கள். சாகுபடியே காட்டுக்கு ஒரு புதிய வாங்குநரை உண்டாக்கிவிட்டது. ஆகவே நர்சரி தொடங்குகிறவரிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தாய்ச்செடி எங்கிருந்து வந்தது?

ஒழுங்காகச் செய்த எடுத்துக்காட்டும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட வொல்லெமி பைன், காட்டில் நூற்றுக்கும் குறைவான வளர்ந்த மரங்களே உள்ள இனம். இடத்தை ரகசியமாக வைத்துவிட்டு, கன்றுகளை ஏராளமாகப் பெருக்கி 2006 முதல் கடையில் விற்றார்கள். பணம் கொடுத்தால் நர்சரியில் கிடைப்பதற்காக யாரும் பள்ளத்தாக்கில் இறங்க மாட்டார்கள் என்பது கணக்கு. அப்படியும் அனுமதியில்லாமல் போனவர்களின் காலணி மண்ணோடு வேரழுகல் நோய் உள்ளே வந்ததாகக் கருதப்படுகிறது.

மறைந்த செலவுகளில் பெரியது மரபு வளம் சுருங்குவது. ஒரே செடியிலிருந்து போத்து வெட்டியோ திசு வளர்ப்பிலோ ஆயிரம் கன்று எடுத்தாலும் அவை ஒரே செடியின் ஆயிரம் நகல்கள். இதன் கடைசி எல்லையைத் தென்னாப்பிரிக்காவின் எங்கெஃபலார்டோஸ் வூடி என்ற, பனைபோலத் தோன்றும் சைக்காடு இனத்தில் பார்க்கலாம். 1895இல் ஓங்கோயே காட்டில் கிடைத்தது ஒரே ஆண் மரம். இன்று உலகின் பல தாவரவியல் பூங்காக்களில் இருப்பவை எல்லாம் அதன் பக்கக்கன்றுகள், எல்லாமே ஆண். விதைக்கு வழியில்லை. இன்னொரு செலவு, கலப்பு. பக்கத்துப் பக்கத்தில் நெருங்கிய இனங்களை வைத்தால் தேனீ வித்தியாசம் பார்க்காது. அடுத்த தலைமுறை விதை கலப்பினமாக இருக்கலாம். பெயர்ப்பலகை தொலைந்தால் எந்த மலையின் செடி என்பதும் தொலையும்.

செய்ய முடியாதது அல்ல இது. வயநாட்டின் குருகுல தாவரவியல் சரணாலயம் 1981இலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைச் செடிகளை வளர்த்துக் காக்கிறது. கொடைக்கானலில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை சோலைக் கன்றுகளை உள்ளூர் விதையிலிருந்தே வளர்த்தது. இரண்டிலும் கவனிக்க வேண்டியது, மலையின் அதே உயரத்தில், அதே பனியில் வளர்த்தார்கள் என்பது. சென்னை மொட்டைமாடியில் சோலை ஆர்க்கிட் வளர்ப்பது காப்பு வேலை ஆகாது.

## வழி மூன்று: விதையாகச் சேமிப்பது

இடம் குறைவு, பராமரிப்பு குறைவு, மரபு வளம் அதிகம் அடங்கும். ஒரு டப்பாவில் ஐம்பது தாய்ச்செடிகளின் விதை இருக்கும். டெல்லியின் தேசிய மரபணு வங்கியும் இங்கிலாந்தின் மில்லினியம் விதை வங்கியும் உலர்த்திய விதையைப் பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 20 டிகிரியில் வைக்கின்றன. வீட்டளவில்கூட பழைய விதை விதி ஒன்று உதவும்: ஈரம் ஒரு சதவீதம் குறைந்தாலும், வெப்பம் ஐந்தாறு டிகிரி குறைந்தாலும் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். நிழலில் உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத புட்டியில் போட்டுக் குளிர்பெட்டியில் வைப்பது அந்த விதியின் எளிய வடிவம்.

சிக்கல் இதுதான்: எல்லா விதையும் காய்ந்து உயிர்பிழைக்காது. மா, பலா, நாவல் விதைகளை உலர்த்தி வைத்துப் பாருங்கள், சில வாரங்களில் செத்திருக்கும். மழைக்காட்டு மரங்கள் பல இந்த வகை. வெள்ளைக்குங்கிலியம் அப்படித்தான். வங்கியில் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது புட்டிக்குள் இருப்பது குப்பையாக இருக்கலாம். வறண்ட கரட்டுச் செடிகளின் விதை பெரும்பாலும் உலர்த்தலைத் தாங்கும், ஆனாலும் ஒரு கைப்பிடியைச் சோதிக்காமல் நம்ப வேண்டாம். சில ஆண்டுக்கு ஒருமுறை முளைப்புச் சோதனை, முளைப்பு குறைந்தால் மீண்டும் விதைத்துப் புது விதை எடுப்பது, மின்வெட்டு ஆகியவை கணக்கில் வராத செலவுகள்.

எடுக்கும்போது ஒரு வரம்பு வேண்டும். அன்று முற்றியிருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதை சேகரிப்பவர்களின் பொதுவான நெறி. மூன்றே செடி உள்ள இடத்தில் அதுகூட அதிகம் என்பேன்.

## வழி நான்கு: வேறிடத்தில் நடுவது

சாலை, அணை, குவாரி திட்டங்களின் அறிக்கையில் இந்த வரி அழகாக வரும்: "பாதிக்கப்படும் தாவரங்கள் மாற்று இடத்தில் நடப்படும்." படித்தால் பிரச்சினை தீர்ந்தது போலத் தோன்றும். 2011இல் வெளியான ஆய்வொன்று உலகெங்கும் 249 தாவர இனங்களை மறுபடி நட்ட முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்தது. சராசரியாக உயிர்பிழைத்தவை 52 சதவீதம், பூத்தவை 19, காய்த்தவை 16. அதுவும் தாவரவியலாளர்கள் அக்கறையோடு செய்தவற்றில். ஒப்பந்தக்காரர் ஜேசிபியில் அள்ளி நட்டால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

இலங்கையில் கம்பஹா மாவட்டம் தரலுவவில் 2019இல் கண்டறியப்பட்ட குருடியா செய்லானிகா மரம், அந்நாட்டின் 2012 தேசியச் சிவப்புப் பட்டியலில் அழிந்துபோனதாகக் குறிக்கப்பட்டிருந்தது. 2021இல் அதிவேகப் பாதைக்காக அதை வெட்டப் போவதாகச் செய்தி வந்ததும் பெரிய எதிர்ப்பு எழுந்தது. முதிர்ந்த மரத்தைப் பெயர்த்து நட்டுப் பிழைக்க வைப்பதைவிட, போடாத பாதையை வளைப்பது எளிது. இடமாற்றம் பேச்சுக்கு வரும்போதெல்லாம் இதை முதலில் கேளுங்கள்: திட்டத்தை நகர்த்த முடியாதா?

இன்னொரு விதமும் இருக்கிறது. பழைய இடத்திலேயே எண்ணிக்கையைப் பெருக்கக் கன்று நடுவது. ஏற்கெனவே அந்தச் செடி வாழ்ந்த, இப்போது களை நீக்கிய இடத்தில் நட்டால் வெற்றி வாய்ப்பு கூடும். "பக்கத்து மலையும் இதே மாதிரிதானே" என்று இதுவரை இல்லாத இடத்தில் நடுவது ஆபத்து. அங்கே உள்ள வேறோர் அரியதை நாமே நெருக்கிவிடலாம்.

## ஒரே பார்வையில்

| | இருந்த இடம் | நர்சரி | விதைச் சேமிப்பு | இடமாற்றம் |
|---|---|---|---|---|
| நன்றாக உதவும் நிலைமை | நிலம் நிலைத்திருக்கும்போது | தோண்டி விற்பதால் குறையும்போது | விதை உலர்த்தலைத் தாங்கும்போது | நிலம் போவது உறுதியானபோது |
| மறைந்த செலவு | ஆண்டுதோறும் களை, ஓயாத பேச்சுவார்த்தை | மரபுச் சுருக்கம், கலப்பு, தாய்ச்செடித் திருட்டு | முளைப்புச் சோதனை, மின்சாரம் | பல ஆண்டுத் தண்ணீர், ஏறக்குறையப் பாதி சாவு |
| பூஞ்சை, பூச்சித் துணை | இருக்கும் | பெரும்பாலும் இராது | இராது | சந்தேகம் |
| தனியாளால் முடியுமா | ஓரளவு | சில இனங்களுக்கு | சிறு அளவில் | முடியாது |

## உங்கள் நிலைமைக்கு எது?

மாகாளி, கள்ளிமுளையான் போலத் தோண்டியோ பறித்தோ விற்கப்படும் செடி: இருந்த இடத்தில் காப்பது, நர்சரி ஆகிய இரண்டு வழியும் சேர்ந்து வேண்டும். விதையிலிருந்து மட்டும் பெருக்குங்கள், பறிப்பவர்களையே வளர்ப்பவர்களாக்கப் பாருங்கள். அவர்களைத் திருடர்களாக நடத்தித் தொடங்கினால் செடி எங்கே இருக்கிறது என்ற தகவல்கூடக் கிடைக்காது. வாங்குபவர் என்ற முறையில் "இது மலைக்கிழங்கா, தோட்டக்கிழங்கா?" என்று கடைக்காரரைக் கேட்டு வையுங்கள்.

கோயில்காட்டில் கிழட்டு மரங்கள் மட்டும், கன்றே இல்லை: திண்டுக்கல் காசம்பட்டி வீரகோயில்காடு 2025இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது, ஏறக்குறைய 5 ஹெக்டேர்தான். அளவு சிறிதாக இருப்பது தடையில்லை. பஞ்சாயத்தின் பல்லுயிர்க் குழு வழியாகத் தொடங்குங்கள். கூடவே அந்தக் காட்டின் விதையை மட்டும் எடுத்து, பக்கத்திலேயே ஒரு சின்ன நாற்றங்கால். கோயிலுக்குச் சிமென்ட் தளம் போடும் திட்டம் இருக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பல காடுகள் சுருங்குவது அதனால்தான்.

நீங்கள் தனியாள், ஊரும் புதிது: எதையும் எடுக்காதீர்கள். தேதி, செடிகளின் எண்ணிக்கை, பூத்தவை, காய்த்தவை ஆகியவற்றை மட்டும் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே வாரத்தில் போய் எண்ணுங்கள். மேலே சொன்ன நான்கு வழிகளில் எதைத் தொடங்கினாலும் அந்த எண்கள் வேண்டியிருக்கும்.

குவாரி உத்தரவு வந்துவிட்டது, எதிர்ப்பும் தோற்றுவிட்டது: இங்கே மட்டும் எடுத்துவிடுங்கள், உரிமையாளரின் எழுத்து அனுமதியோடு. கிழங்குச் செடி என்றால் மழைக்காலத்தில் இலை தெரியும்போதே குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். தோண்டுவது பங்குனி, சித்திரையில், கிழங்கு உறங்கும்போது. அதுவரை பொறுக்க முடியாதென்றால் வேரை உதறாமல் மண்கட்டியோடு வெட்டி எடுங்கள், அந்த மண்ணில்தான் பூஞ்சையும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். ஒரு தாவரவியல் பூங்கா, ஒரு கல்லூரி, உள்ளூரில் ஒரு தோட்டம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு தொட்டியிலும் ஊர், மலை, தேதியை அழியாத மையில் எழுதி அனுப்புங்கள்.